பன்னிரண்டு வயது வண்டியா, ஏழு வயது வண்டியா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். கையில் இருக்கும் பணத்துக்குச் சில வருடங்களுக்கு முன்பு நான்கைந்து வயதுக் கார் கிடைத்திருக்கும். இப்போது அதே பணத்துக்குக் கண்ணில் படுவது இரண்டு. ஒன்று, "அது கெட்டுப்போகவே போகாது" என்று எல்லோரும் அடித்துச் சொல்கிற கம்பெனியின் 12 வயது வண்டி, 1,80,000 கிலோமீட்டர் ஓடியது. மற்றது அவ்வளவு பெயர் வாங்காத கம்பெனியின் 7 வயது வண்டி, 90,000 ஓடியது. எதை வாங்கலாம், இல்லை விலை இறங்கும்வரை பொறுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் போகிற போக்கில் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, "வாங்கின அடுத்த மாதமே பெரிய செலவு வந்தால் என்னால் தாங்க முடியாது" என்று, அதுதான் உண்மையான கேள்வி. பிராண்டைப் பற்றிய கேள்விக்கும் இதற்கும் பதில் ஒன்றல்ல.

நான் 22 வருடமாக மெக்கானிக். கடைசி எட்டு வருடமாகப் பாதி வேலை, வாங்கப் போகிறவருக்காக வண்டியைப் பார்த்துச் சொல்வது. முதலிலேயே என் பார்வையில் உள்ள ஒரு கோணலைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் வருவதெல்லாம் நோயாளிகள். ஒழுங்காக ஓடுகிற வண்டியை யாரும் என் ஷெட்டுக்கு ஓட்டி வருவதில்லை. ஆகவே "அந்த மாடல் மோசம், வாரத்துக்கு மூன்று வருகிறது" என்று எந்த மெக்கானிக் சொன்னாலும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த மாடல் ஊரெல்லாம் விற்றிருப்பதாலும் வாரத்துக்கு மூன்று வரலாம்.

விலை ஏன் இப்படி ஆனது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பொறுக்கலாமா என்ற கேள்விக்கு அது தேவை. 2020-இல் கொரோனா வந்தபோது கார் கம்பெனிகள் சிப் ஆர்டர்களைக் குறைத்துக்கொண்டன. கார் வாங்கும் ஆசை எதிர்பார்த்ததைவிட வேகமாகத் திரும்பியது. அதற்குள் சிப் தயாரிப்பாளர்கள் கம்ப்யூட்டர், போன் பக்கம் போய்விட்டார்கள். 2021, 2022-இல் புது வண்டிக்கு மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் பழைய வண்டி பக்கம் திரும்பினார்கள், விலை ஏறியது. இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. அன்றைக்குத் தயாராகாத புது வண்டி பின்னாளில் பழைய வண்டியாகச் சந்தைக்கு வரவே வராது. அந்த வருடங்களின் வண்டிகள் குறைவு, அதனால் அவற்றின் விலை சட்டென்று இறங்காது. மொத்தச் சந்தை எப்போது இறங்கும் என்று தேதி குறித்துச் சொல்பவரிடம் கொஞ்சம் தள்ளியே இருங்கள். இப்போது ஓட்டுகிற வண்டி பாதுகாப்பாக ஓடுகிறதென்றால், அதற்குச் சின்னச் செலவு செய்து இன்னும் ஒரு வருடம் ஓட்டுவது பல நேரம் நல்ல கணக்கு. வண்டியே இல்லாமல் வேலைக்குப் போக முடியாத நிலையென்றால் காத்திருப்பதும் ஒரு செலவுதான்.

விலை ஏறினால் தரமான வண்டிகளும் சேர்ந்து சந்தைக்கு வரும் என்று நினைக்கத் தோன்றும். நடப்பது வேறு. ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளியல் அறிஞர் 1970-இல் பழைய கார் சந்தையை உதாரணமாக வைத்தே இதை விளக்கினார்; 2001-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவர் ஒருவர். வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாதவர் சராசரி விலைதான் சொல்வார். அந்த விலை நல்ல வண்டி வைத்திருப்பவருக்குக் கட்டுப்படியாகாது, அவர் விற்காமல் வைத்துக்கொள்வார். மோசமான வண்டிக்காரருக்கு அதே விலை கொள்ளை லாபம். நான் பார்த்த வரையில் தட்டுப்பாட்டுக் காலத்தில் இது இன்னும் கூடுகிறது. நல்ல வண்டி விளம்பரத்துக்கு வருவதற்கு முன்பே மைத்துனருக்கோ ஆபீஸ் நண்பருக்கோ போய்விடுகிறது. அதனால் விளம்பரங்களைப் புரட்டுவதற்கு முன்னால் தெரிந்தவர் வட்டத்தில் "வண்டி தேடுகிறேன்" என்று சொல்லி வையுங்கள். என் கைக்கு வந்த சிறந்த பழைய வண்டிகளில் பாதி அப்படி வந்தவைதான்.

இப்போது பிராண்டுக்கு வருகிறேன். சில கம்பெனிகளின் வண்டி மற்றவற்றைவிட அதிகம் உழைக்கும் என்பது உண்மை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ரகசியமா என்ன? விற்பவருக்கும் தெரியும். அந்தப் பெயருக்கான காசு விலையிலேயே ஏறியிருக்கிறது. அதனால்தான் ஒரே விலைக்கு அங்கே 12 வயது, இங்கே 7 வயது. ஆக, "எந்தக் கம்பெனி உறுதி" என்பதை விட்டுவிட்டு, "அந்த உறுதிக்காக ஐந்து வருடத் தேய்மானத்தை நான் விலையாகக் கொடுக்கலாமா" என்று பாருங்கள்.

இங்கே வயதும் கிலோமீட்டரும் வேறு வேறு என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கிலோமீட்டர் இரும்பைத் தேய்க்கும். வயது ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் தின்னும். ஒழுங்காக ஆயில் மாற்றிய இன்ஜின் மூன்று லட்சம் கிலோமீட்டர் போவது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் கூலண்ட் ஹோஸ், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி, சஸ்பென்ஷன் புஷ், ஆயில் சீல், ஒயரிங்கின் மேலுறை எல்லாம் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் காய்ந்து வெடிக்க ஆரம்பிக்கும். வண்டி ஓடியதோ நின்றதோ, அதற்குக் கவலையில்லை. வீட்டிலேயே நிறுத்தி வைத்திருந்த, கம்மியாக ஓடிய 12 வயது வண்டியைப் பொக்கிஷம் மாதிரி காட்டுவார்கள். வாங்கி ஓட்ட ஆரம்பித்ததும் ஒன்றன்பின் ஒன்றாக ஒழுகத் தொடங்குவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பெரிய இன்ஜின் செலவு வராது, சரி. ஆனால் இரண்டு மாதத்துக்கு ஒரு சின்னச் செலவு வந்துகொண்டே இருக்கும்.

அதற்காக 7 வயது வண்டி பாதுகாப்பானது என்று நான் சொல்லவில்லை. 90,000 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வரும். பல வண்டிகளுக்குப் பெரிய செலவுகள் வரிசை கட்டி நிற்கிற இடம் அது. டைமிங் பெல்ட் (பிஸ்டனும் வால்வும் ஒரே தாளத்தில் ஓட வைக்கிற பெல்ட்) உள்ள இன்ஜினாக இருந்தால், மாடலைப் பொறுத்து, அதை மாற்ற வேண்டிய நேரம் பெரும்பாலும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் வரும். கிளட்ச், ஷாக் அப்சார்பர், பிரேக் டிஸ்க், அடுத்த செட் டயர் எல்லாமே நெருங்கியிருக்கும். மெக்கானிக் கொடுத்த எஸ்டிமேட்டைப் பார்த்த மறுநாள் விளம்பரம் போடுகிறவர்கள் நிறைய. தப்பில்லை, நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன். ஆனால் அந்தச் செலவு செய்யப்பட்டுவிட்டதா, இல்லை உங்கள் தலையில் விழப் போகிறதா என்பது தெரிய வேண்டும். டைமிங் பெல்ட் விஷயத்தில் விளையாட வேண்டாம். இப்போதைய பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும். அந்தச் செலவில் இன்ஜினையே மாற்றிவிடலாம் என்று தோன்றும். "மாற்றியாச்சு" என்று வாயால் சொன்னால் போதாது. பில் வேண்டும், அதில் தேதியும் கிலோமீட்டரும் இருக்க வேண்டும். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

இந்தப் பில் விஷயம்தான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. இரண்டு வண்டிகளில் எதற்குச் சர்வீஸ் ரெக்கார்டு முழுசாக இருக்கிறதோ அதன் பக்கம் நான் சாய்வேன், பிராண்ட் எதுவாக இருந்தாலும். கசங்கிய, ஆயில் கறை படிந்த, வேறு வேறு வருடத்துப் பில்கள் ஒரு பழைய பிளாஸ்டிக் உறையில் இருந்தால் எனக்கு நம்பிக்கை வரும். ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே உட்காரலில் நிரப்பிய சர்வீஸ் புத்தகத்தைப் பார்த்தால் வராது. பில்களில் கிலோமீட்டர் ஒழுங்காக ஏறுகிறதா என்று பாருங்கள். மீட்டரைக் குறைத்திருந்தால் முதலில் மாட்டிக்கொள்வது அங்கேதான். அதோடு பெடல் ரப்பரின் தேய்மானம், ஸ்டியரிங்கின் வழவழப்பு, டிரைவர் சீட்டில் ஏறி இறங்கும் பக்கத்து மடிப்பு, இவை மூன்றும் மீட்டரோடு ஒத்துப்போக வேண்டும். 60,000 என்று காட்டுகிற வண்டியில் கிளட்ச் பெடலின் ரப்பர் மொழுக்கையாக இருந்தால் ஏதோ சரியில்லை. பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் சரியில்லை.

இனி வண்டியை நேரில் பார்ப்பது. இதில் நானே ஏமாந்த கதை ஒன்று உண்டு. பத்து வருடத்துக்கு முன்பு எனக்கென்று ஒரு கார் வாங்கினேன். மாலையில் போனேன். விற்றவர், "இப்பதான் பெட்ரோல் போட்டுட்டு வந்தேன்" என்று சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார். பானெட் சூடாக இருந்தது. ஓட்டினேன், வெண்ணெய் மாதிரி போனது. பணத்தைக் கொடுத்து எடுத்து வந்தேன். மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்தால் டப்பாவில் சங்கிலியைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம், நான்கைந்து விநாடி, அப்புறம் அமைதி. டைமிங் செயின், அதாவது டைமிங் பெல்ட்டின் வேலையைச் செய்கிற சங்கிலி, நீண்டுபோய், அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் செத்திருந்தது. இன்ஜின் சூடாக இருக்கும்போது அந்தச் சத்தம் வராது. சரிசெய்ய ஆன செலவு வண்டி விலையில் நாலில் ஒரு பங்கு. உழைப்பு என்னுடையது என்பதால் அதோடு போயிற்று. வேறு யாருக்காவது இப்படி நடந்தால் "பானெட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லையா" என்று நானே கேட்டிருப்பேன். தொட்டுப் பார்த்தேன். வண்டி பிடித்துப் போயிருந்தது, அவ்வளவுதான்.

ஆகவே வண்டி குளிர்ந்திருக்கும்போது, நீங்கள் நிற்கும்போது முதல் தடவை ஸ்டார்ட் ஆக வேண்டும். அந்த முதல் நிமிடம் சொல்கிற அளவுக்கு அடுத்த அரை மணி நேர ஓட்டம்கூடச் சொல்லாது. ஒருவரைப் பின்னால் நிற்க வைத்துப் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளையாக, ஒருவிதத் தித்திப்பு வாசனையோடு, இன்ஜின் சூடான பிறகும் நிற்காமல் வந்தால் கூலண்ட் உள்ளே போகிறது, ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பாகத்துக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவில் உள்ள அடைப்பு) சந்தேகம். குளிர்ந்த காலையில் முதலில் கொஞ்சம் வெள்ளை ஆவி வருவது வெறும் ஈரம், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பால் கலந்த மாதிரிப் பழுப்புப் பசை இருந்தால் கவனியுங்கள். ஆனால் அது ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், குறைந்த தூரமே ஓடுகிற வண்டியில் ஈரத்தாலும் அப்படி வரும். கூலண்ட் தொட்டியில் எண்ணெய் மிதந்தால் அதற்கு மன்னிப்பே கிடையாது.

ஓட்டும்போது ரேடியோவை அணைத்து, கண்ணாடியை இறக்கி, அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து மெதுவாகத் திரும்பும்போது டக் டக் என்று வந்தால் ஆக்ஸில் ஜாயின்ட். வேகம் கூடக் கூட ஊளை கூடினால் வீல் பேரிங்கோ டயரோ. இவையெல்லாம் பேரம் பேச வேண்டிய விஷயங்கள், வண்டியை விட்டு ஓட வேண்டியவை அல்ல. விட்டு ஓட வேண்டியது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் தயங்கும்போதும் இடிக்கும்போதும். கியர்பாக்ஸ்தான் என்னைப் போன்றவர்கள் உண்மையில் கைவிரிக்கும் இடம். பிரிக்காமல் உள்ளே பார்க்க முடியாது, விற்பவர் பிரிக்க விடமாட்டார். ஓட்டத்தில் நன்றாக இருந்து ஆறு மாதத்தில் போன சிவிடி (ஒரு வகை ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸ்களை நானே "ஓகே" சொல்லி அனுப்பியிருக்கிறேன். வயதான வண்டியில், உங்கள் மாதிரி பெரிய செலவு தாங்காதவருக்கு, மேனுவல் கியர் கிடைத்தால் அதையே எடுக்கச் சொல்வேன். கிளட்ச் போனால் கிளட்ச் செலவுதான், அதற்கு மேல் பெரும்பாலும் போகாது.

பாடியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், கழுவிய ஈரத்தோடு வேண்டாம், ஈரம் எல்லாவற்றையும் பளபளப்பாக்கும். கதவுக்கும் பக்கத்துப் பேனலுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவா என்று பாருங்கள். பெயின்ட் அளக்கும் கருவி இருந்தால் நல்லது. கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 180 மைக்ரான். ஒரே இடத்தில் ஆயிரத்தைத் தொட்டால் அடியில் பட்டி, அதாவது நசுங்கிய இடத்தை நிரப்புகிற பசை, இருக்கிறது. கதவில் பட்டி இருப்பது பெரிய விஷயமில்லை, யாரோ உரசியிருப்பார்கள். பானெட்டைத் திறந்து உள்ளே முன்பக்கச் சேசிஸில் பின்னாளில் போட்ட வெல்டிங் தடம் தெரிந்தால் அது வேறு கதை, பெரிய விபத்தில் அடிபட்ட வண்டியாக இருக்கலாம். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கண்டுபிடிக்க சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள், சுருளின் அடியில் சேற்றுக் கறையைக் கழுவ யாருக்கும் தோன்றாது. ஸ்டெப்னி வைக்கும் குழியையும் சீட்டின் அடியில் உள்ள போல்ட்டுகளையும் பாருங்கள். மூழ்கிய வண்டி என்றால் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம், எலெக்ட்ரிக்கல் தொல்லை தீராது.

டயரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 3519 என்றால் 2019-இன் 35-ஆவது வாரம். பட்டை நன்றாக இருந்தாலும் பத்து வயது டயரில் போகாதீர்கள், அதன் விலையைப் பேரத்தில் கழியுங்கள்.

சாவியைத் திருப்பியதும் ஏர்பேக், ஏபிஎஸ், இன்ஜின் விளக்குகள் எரிந்து, பிறகு அணைய வேண்டும். எரிந்தே நின்றால் குறை இருக்கிறது. எரியவே இல்லையென்றால் இன்னும் மோசம், யாரோ விளக்கையே பிடுங்கியிருக்கலாம். ஓபிடி ஸ்கேனரை (வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான குறைகளைப் படிக்கும் கருவி) மாட்டிப் பார்ப்பது நல்லது, ஆனால் அதில் ஒரு தந்திரம் உண்டு. பதிவான குறைக் குறியீடுகளை அழித்துவிட்டு வண்டியைக் காட்டுவார்கள், திரை சுத்தமாக இருக்கும். அப்படி அழித்தால் வண்டி தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் சுய பரிசோதனைகளும் 'முடியவில்லை' என்ற நிலைக்குத் திரும்பிவிடும். மறுபடி முடிய சில நாள் ஓட வேண்டும். ஸ்கேனர் 'குறை இல்லை, ஆனால் பல பரிசோதனைகள் பாக்கி' என்று காட்டினால், நேற்று என்ன அழித்தீர்கள் என்று கேளுங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தாலும் இப்படிக் காட்டும் என்பதால் உடனே குற்றம் சாட்ட வேண்டாம். ஒரு வாரம் கழித்து வருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், முகம் சொல்லிவிடும்.

கடன் பாக்கி, உரிமையாளர் பெயர், சேசிஸ் எண், கம்பெனி திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டிய குறை ஏதும் நிலுவையில் உள்ளதா, இவற்றைப் பணம் கொடுப்பதற்கு முன் பார்த்துவிடுங்கள். இதில் விளக்க எதுவும் இல்லை, சோம்பேறித்தனம்தான் எதிரி.

பணத்தைப் பற்றி என் கணக்கு இது. கையில் உள்ள முழுத் தொகைக்கும் வண்டி பார்க்காதீர்கள். ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைத்துவிட்டு, மீதிக்குப் பாருங்கள். அந்த ஐந்தில் ஒன்றுதான் 'அடுத்த மாதச் செலவு' பயத்துக்கு மருந்து. இருக்கிற கடைசிக் காசையும் கொட்டி ஒரு படி நல்ல வண்டி வாங்கிவிட்டு, பெல்ட் மாற்றக் காசில்லாமல் அதையே கெடுத்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தட்டுப்பாட்டுச் சந்தையில் "இன்னொருத்தர் அட்வான்ஸோடு வந்துகொண்டிருக்கிறார்" என்று விற்பவர் சொல்வார். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். இருந்தால் என்ன, வரட்டும். வேறொரு மெக்கானிக்கிடம் காட்ட மாட்டேன் என்கிறவரின் வண்டியை நான் எந்த விலைக்கும் வாங்க மாட்டேன். இன்னொன்று: இரண்டு மூன்று வயதுப் பழைய வண்டியின் விலை புதியதை நெருங்கிக் கிடந்தால், வாரன்ட்டியோடு கூடிய சின்னப் புது வண்டியையும் ஒருமுறை கணக்கில் எடுங்கள்.

சரி, உங்கள் இரண்டு வண்டிகள். பார்க்காமல் சொல்வதால் இது ஊகம்தான். இரண்டுக்கும் ரெக்கார்டு ஒரே அளவில் இருந்தால் 7 வயது வண்டியை எடுப்பேன், பெல்ட்டோ செயினோ எது என்று தெரிந்துகொண்டு, அதன் செலவை விலையில் கழித்து. 12 வயது வண்டிக்கு ஒரே உரிமையாளர், கட்டுக் கட்டாகப் பில், கூலண்ட் ஹோஸும் புஷ்ஷும் ஏற்கெனவே மாற்றியது என்றால் அதை எடுப்பேன், யோசிக்காமல். இரண்டிலும் பில் இல்லையென்றால் மூன்றாவதைத் தேடுங்கள். எதைப் பார்க்கப் போனாலும் காலையில் போங்கள். முந்தின நாள் இரவே விற்பவருக்குப் போன் செய்து, நான் வருகிறவரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் பானெட்டில் கையை வையுங்கள். சூடாக இருந்தால் காபி குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள், வண்டி எவ்வளவு பிடித்திருந்தாலும்.